இடுப்பு வட்டு விலகலுக்கு அக்குபங்சர் புள்ளிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மோல்மேனில் அண்மையில் அக்குபங்சர் சிகிச்சையைத் தொடங்கியிருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் 42 வயதுக்காரர் ஒருவருக்கு ஆறு வாரமாக இடுப்பு வலி இருக்கிறது. இடது தொடையின் வெளிப்புறமாக இறங்கும் வலி, கெண்டைக்காலின் பக்கவாட்டைக் கடந்து பாதத்தின் மேற்புறம் வரை போகிறது. ரங்கூனில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எல்4–எல்5 (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு நடுவே), எல்5–எஸ்1 (ஐந்தாம் எலும்புக்கும் அதன் அடியில் உள்ள திரிக எலும்புக்கும் நடுவே) என்ற இரண்டு இடங்களிலும் வட்டு பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இந்த நோய்க்கு இருபதுக்கும் மேற்பட்ட புள்ளிகள் தரப்பட்டிருக்கின்றன. இவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது, எத்தனை ஊசி போடுவது, எப்போது நிறுத்துவது என்று கேட்கிறார்.

அந்தப் பட்டியலில் உள்ள புள்ளிகள் எல்லாம் சரியானவைதான். ஆனால் அவை அனைத்தும் ஒரே நோயாளிக்கு உரியவை அல்ல. புத்தகம் நோயின் பெயருக்குப் பட்டியல் தருகிறது. அந்தப் பெயருக்குள் அடங்கக்கூடிய எல்லாவகை நோயாளிகளுக்கும் தேவைப்படும் புள்ளிகளை ஒரே பக்கத்தில் சேர்த்து வைக்கிறது. சிகிச்சை செய்பவரோ தம் முன்னால் படுத்திருக்கும் ஒருவருக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியவர். வலி காலில் எந்த வழியாக இறங்குகிறது, இடுப்பில் விரல் வைத்து அழுத்தும்போது எந்த இடம் பேசுகிறது, நோய் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் கொண்டு ஆறிலிருந்து பத்துப் புள்ளிகளுக்குள் நிறுத்திக்கொள்வதே முறை என்பது என் உறுதியான கருத்து. எம்.ஆர்.ஐ. அறிக்கை இதற்குத் துணை செய்யும். ஆனால் அது இந்த மூன்றுக்கும் பின்னால்தான் வர வேண்டும்.

புள்ளிகளைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, இவருக்கு ஊசி போடலாமா என்று முடிவு செய்ய வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் கசிவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் சேர்ந்து பலமிழப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும், முதுகுத்தண்டின் அடியில் உள்ள குதிரைவால் நரம்புக் கற்றை நசுங்கிக்கொண்டிருக்கலாம் என்று கொள்ள வேண்டும். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலை அது. மோல்மேனிலிருந்து ரங்கூனுக்குச் சுமார் 300 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கலாம் என்பதால், இரவு கழியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே உள்ளூர் மருத்துவமனைக்கு அனுப்பி வைக்க வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்து நடப்பவருக்கு, அந்தப் பலவீனம் நாளுக்கு நாள் கூடுகிறது என்றால், அவரையும் அறுவை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

பர்மாவில் இருக்கும் நாம் தனியாக நினைவில் வைக்க வேண்டியது காசநோய். உலக சுகாதார நிறுவனம் காசநோய்ச் சுமை மிகுந்தவை என்று குறிக்கும் 30 நாடுகளில் பர்மாவும் ஒன்று. முதுகெலும்பில் தங்கும் காசநோய் தொடக்கத்தில் சாதாரண இடுப்பு வலியைப் போலவே தோன்றும். மாலையில் காய்ச்சல், உடல் மெலிவு, இரவு வியர்வை, படுத்தாலும் குறையாத வலி, முதுகெலும்பின் ஒரு முள்ளை மட்டும் தட்டும்போது துள்ளும் வலி ஆகியவை தெரிந்தால் ஊசிப்பெட்டியைத் திறக்காமல் எக்ஸ்ரேக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், உயரத்திலிருந்து விழுந்தவர்கள் ஆகியோருக்கும் இதுவே பொருந்தும்.

இப்போது வட்டுக்கு வருவோம். இடுப்புப் பகுதியில் ஐந்து முதுகெலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள வட்டின் நடுவில் கூழ் போன்ற பகுதியும், அதைச் சுற்றி நார் வளையமும் உள்ளன. வளையம் கிழிந்து கூழ் பின்புறப் பக்கவாட்டில் பிதுங்கும்போது, அடுத்த மட்டத்தில் வெளியேறக் காத்திருக்கும் நரம்பு வேரை அது உறுத்துகிறது. அதனால் எல்4–எல்5 வட்டு பிதுங்கினால் பெரும்பாலும் எல்5 வேரும், எல்5–எஸ்1 வட்டு பிதுங்கினால் எஸ்1 வேரும் பாதிக்கப்படுகின்றன. இடுப்பு வட்டு விலகல்களில் 100க்குச் சுமார் 95 இந்த இரண்டு மட்டங்களில்தான் ஏற்படுகின்றன. வட்டு உடைந்து நரம்பை அழுத்துவதால் கால் வலி வருகிறது என்பதை அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934இல் வெளியிட்ட கட்டுரை நிலைநாட்டியது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சீன மருத்துவர்கள் இதே வலியை அது ஓடும் வழியை வைத்துப் பிரித்துக் கண்டிருந்தார்கள் என்பது நம் தொழிலுக்குப் பெரிய பலம்.

படத்தைக் கண்டு மலைத்துப்போக வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, 52 விழுக்காட்டினருக்கு ஒரு மட்டத்திலாவது வட்டு உப்பியிருந்தது. 27 விழுக்காட்டினருக்கு அது பிதுங்கியே இருந்தது. உங்கள் நோயாளியின் அறிக்கையில் இரண்டு மட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவரை வாட்டுவது இரண்டில் எது என்பதைப் படம் சொல்லாது, கால்தான் சொல்லும்.

ஆகவே காலைப் பரிசோதியுங்கள். நம் ஊரில் எல்லாரும் லுங்கி கட்டுவதால் இதற்குத் தனி வசதி இருக்கிறது. தொடை முதல் பாதம் வரை கூச்சமில்லாமல் பார்த்துவிடலாம். மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்துங்கள். 30 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையே, முழங்காலுக்குக் கீழே வரை வலி மின்னலாக இறங்கினால் நரம்பு வேர் இழுபடுகிறது என்று பொருள். தொடையின் பின்புறத் தசை மட்டும் இறுகினால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வலியில்லாத காலை உயர்த்தும்போதே வலியுள்ள காலில் வலி தெறித்தால், வட்டு விலகியிருப்பதற்கு அது மேலும் வலுவான சான்று. எந்தப் பாகையில் வலி தொடங்கியது என்று முதல் நாளே குறித்து வையுங்கள். பின்னால் முன்னேற்றத்தை அளக்க அதைவிட நேர்மையான அளவுகோல் கிடைக்காது.

பிறகு நடக்கச் சொல்லுங்கள். குதிகாலால் நடக்கத் தடுமாறினால், பெருவிரலை மேலே தூக்கும்போது உங்கள் விரலின் எதிர்ப்பைத் தாங்க முடியாமல் போனால், பாத மேற்புறத்தில் தொடு உணர்வு குறைந்திருந்தால் எல்5. நுனிக்காலில் எழும்பத் தடுமாறினால், குதிகால் தசைநாரைத் தட்டும்போது வரும் துள்ளல் குறைந்திருந்தால், சுண்டுவிரல் பக்கம் மரத்திருந்தால் எஸ்1. வலி தொடையின் முன்புறம் வழியாக முழங்காலின் உட்புறத்துக்கு வந்து, முழங்கால் துள்ளலும் குறைந்திருந்தால் அது எல்4. அப்போது பார்க்க வேண்டிய வட்டு அதற்கு மேல் மட்டத்தில் உள்ளது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இரண்டு பாதங்களும் ஒரேபோல மரத்திருப்பது உண்டு. அதை வட்டின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

இந்தப் பரிசோதனை முடிந்ததும் புள்ளித் தேர்வில் பாதிக்கு மேல் தானாகவே முடிந்துவிடுகிறது. எல்5 வேரின் வலி தொடையின் வெளிப்புறத்திலும் கெண்டையின் பக்கவாட்டிலும் இறங்குகிறது. நாளம் என்று நம் மரபு சொல்வது உடலில் சக்தி ஓடுவதாகக் கொள்ளும் பாதையை; பித்தப்பை நாளமும் அதே வழியில்தான் ஓடுகிறது. எஸ்1 வேரின் வலி பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறம், கெண்டைத் தசை, வெளிக்கணுக்கால், சுண்டுவிரல் என்று போகிறது. அது சிறுநீர்ப்பை நாளத்தின் வழி. எல்4 என்றால் வயிற்று நாளத்தையும் மண்ணீரல் நாளத்தையும் பார்க்க வேண்டும். இரண்டும் முழுக்க முழுக்க ஒன்றே என்று நான் சொல்லவில்லை. நாளம் வேறு, நரம்பு வேறு. ஆனால் இந்த நோயில் இரண்டு கணக்குகளும் ஒரே காலில் ஒரே வழியைக் காட்டுவதால், ஊசியை எங்கே வைப்பது என்பதில் அவற்றுக்குள் சண்டை எழுவதில்லை.

உங்கள் நோயாளியின் வலி வெளிப்புறமாக இறங்கிப் பாத மேற்புறத்தில் முடிகிறது. பெருவிரல் பலமும் குறைந்திருந்தால், அறிக்கையில் உள்ள இரண்டில் எல்4–எல்5 வட்டே காரணம் என்று கொண்டு பித்தப்பை நாளத்தைப் பிடியுங்கள். புத்தகப் பட்டியலில் பாதியைச் சிறுநீர்ப்பை நாளப் புள்ளிகள் நிரப்பியிருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை இவருக்குத் தேவையில்லை.

இடுப்பில் முதலில் எடுக்க வேண்டியவை ஹுவாடுவோ ஜியாஜி புள்ளிகள். முதுகெலும்பு முள்ளின் நுனியிலிருந்து பக்கத்துக்கு அரை சுன் தள்ளி, முதல் மார்பு முள்ளிலிருந்து ஐந்தாவது இடுப்பு முள் வரை ஒவ்வொரு பக்கமும் 17 புள்ளிகள் இருக்கின்றன. சுன் என்பது நோயாளியின் கட்டைவிரல் அகலம். உங்கள் விரலின் அகலம் அன்று. மட்டத்தைக் கண்டுபிடிக்க, இரண்டு பக்கமும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டு அவற்றை இணைக்கும் கோட்டை மனத்தில் போடுங்கள். அது நான்காவது முள்ளையோ, நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலான பள்ளத்தையோ கடக்கும். அங்கிருந்து மேலும் கீழுமாக ஒரு மட்டம் வரை, விரல் நுனியால் மெதுவாக, ஒவ்வோர் இடத்திலும் ஒரே அளவு அழுத்திப் பாருங்கள். எந்த இடத்தில் நோயாளி முகம் சுளிக்கிறாரோ, எந்த இடத்தில் தசை கயிறாகத் திரண்டிருக்கிறதோ, எந்த இடத்தை அழுத்தும்போது கால் வலி இலேசாகக் கிளர்கிறதோ அந்த இடத்துக்கே ஊசி. பெரும்பாலும் அது வலியுள்ள பக்கத்தில், பாதிக்கப்பட்ட வட்டின் மட்டத்திலும் அதற்கு ஒரு மட்டம் கீழேயும் இருக்கும். அதே மட்டத்தில் மறுபக்கமும் ஒன்று போடலாம்.

ஊசியை நேராகவோ, முள்ளை நோக்கிச் சற்றே சாய்த்தோ, ஒன்று முதல் ஒன்றரை சுன் வரை செலுத்துங்கள். 40 மில்லிமீட்டர் ஊசி இதற்குப் போதும். எலும்பில் பட்டால் அங்கேயே நிறுத்தி, சற்றுப் பின்னிழுத்து விட்டுவிடுங்கள். கனமும் விரிவும் பரவும் அந்த உணர்வு, நம் ஆசான்கள் டெ சீ என்று சொல்வது, வந்தால் போதும். சிறுநீர்ப்பை நாளத்துப் புள்ளிகளை யு.பி. என்ற எழுத்துகளோடு எண் சேர்த்துக் குறிக்கிறோம். பெரிய குடல் ஷு எனப்படும் யு.பி. 25, நான்காவது முள்ளுக்குக் கீழ் மட்டத்தில் ஒன்றரை சுன் தள்ளி இருக்கிறது. அதன் கீழே ஐந்தாவது முள்ளின் மட்டத்தில் யு.பி. 26 இருக்கிறது. நாளம் எதுவாக இருந்தாலும், இந்த நோயில் இவை இரண்டில் ஒன்றை வலியுள்ள பக்கம் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். ஜியாஜியில் நன்றாக உணர்வு கிடைத்துவிட்டால் அதையும் விட்டுவிடலாம். அருகருகே இருக்கும் மூன்று நான்கு இடங்களில் ஊசியைக் குவிப்பதால் பலன் கூடுவதில்லை. மறுநாள் நோயாளிக்குத் தசை கன்றிப்போவதுதான் மிச்சம்.

கால் வலிக்கு மூலப்புள்ளி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், தயங்காமல் பித்தப்பை நாளத்து ஜி.பி. 30, அதாவது ஹுவான்டியாவ் என்பேன். பித்தப்பை நாளமும் சிறுநீர்ப்பை நாளமும் இங்கே சந்திப்பதாகக் கொள்வதால், வலி எந்த வழியில் இறங்கினாலும் இதை எடுக்கலாம். வலியுள்ள பக்கம் மேலாக இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்காலை மடக்கி, முழங்கால்களுக்கு இடையே தலையணை வையுங்கள். தொடையெலும்பின் மேல்முனையில் வெளிப்புறமாகத் துருத்தி நிற்கும் முகட்டையும், திரிக எலும்பின் அடியில் உள்ள சிறு பள்ளத்தையும் ஒரு கோட்டால் இணைத்து, அக்கோட்டை மூன்றாகப் பிரித்தால், வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு முடியும் இடமே புள்ளி. பிட்டத்தில் தசை தடித்திருப்பதால் இங்கே 75 மில்லிமீட்டர் ஊசி வேண்டும். ஆழம் இரண்டிலிருந்து மூன்று சுன்.

இங்கே ஒரு கருத்து வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மின்சாரம் பாய்ந்ததுபோல் பாதம் வரை தெறித்தால்தான் ஜி.பி. 30 சரியாக விழுந்தது என்று பலர் கற்பிக்கிறார்கள்; அந்தத் தெறிப்பு வரும்வரை ஊசியை ஏற்றி இறக்குகிறவர்களும் உண்டு. நான் இதை ஏற்பதில்லை. தெறிப்பு என்பது ஊசி முனை இடுப்பு நரம்பைத் தொட்டதன் அறிகுறி. தற்செயலாக ஒருமுறை தொட்டால் உடனே சற்றுப் பின்னிழுத்துவிட வேண்டும். ஏற்கெனவே வீங்கி வெந்திருக்கும் நரம்பை மீண்டும் மீண்டும் குத்துவது சிகிச்சை ஆகாது. ஆழமான கனமும், தொடை வரை இளகி இறங்கும் உணர்வும் கிடைத்தால் அதுவே போதுமானது.

காலில் உங்கள் நோயாளிக்கு ஜி.பி. 34 கட்டாயம் வேண்டும். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் சிற்றெலும்பின் தலை கையில் தட்டுப்படும். அதற்கு முன்னும் கீழுமான பள்ளத்தில் இது இருக்கிறது. தசைநார்கள் அனைத்துக்கும் உரிய செல்வாக்குப் புள்ளி என்று மரபு இதைக் கொண்டாடுகிறது. தொடையில் வலி மிகுந்திருந்தால் ஜி.பி. 31ஐயும், கணுக்கால் பக்கம் வலி நின்றால் வெளிக்கணுவுக்கு மூன்று சுன் மேலுள்ள ஜி.பி. 39ஐயும், பாத மேற்புறத்தில் வலி முடிந்தால் ஜி.பி. 41ஐயும் எடுங்கள். மூன்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை. வலி எங்கே உச்சமாக இருக்கிறதோ அங்கே ஒன்று, வலி எங்கே முடிகிறதோ அங்கே ஒன்று. இடுப்பு ஜியாஜி மூன்று, யு.பி. 25 ஒன்று, ஜி.பி. 30, ஜி.பி. 34, ஜி.பி. 31, ஜி.பி. 41 என எட்டு ஊசிகளில் அவருடைய முதல் வாரத்துச் சிகிச்சை முழுமை பெற்றுவிடும்.

அடுத்து வருபவருக்கு வலி பின்புறமாக இறங்கினால் இதே எலும்புக்கூட்டில் சதையை மாற்றிக்கொள்ளுங்கள். பிட்டத்தில் யு.பி. 54, பிட்ட மடிப்பில் யு.பி. 36, முழங்கால் மடிப்பின் நடுவில் யு.பி. 40, கெண்டைத் தசை பிரியும் இடத்தில் யு.பி. 57, வெளிக்கணுவுக்கும் குதிகால் தசைநாருக்கும் இடையே யு.பி. 60. இடுப்பு, முதுகு நோய் எதற்கும் பழைய சீன மருத்துவர்கள் முதலில் நாடியது யு.பி. 40, ஆனால் அங்கே அடியில் தமனி ஓடுவதால் ஆழம் வேண்டாம். அந்த இடத்து இரத்தக் குழாயைக் குத்தி இரத்தம் வடிப்பது பழைய முறைதான் என்றாலும், ஹெபடைட்டிஸ் பி பரவலாக உள்ள நம் நாட்டில், முழு மருத்துவமனை ஏற்பாடு இல்லாத இடத்தில் அதைச் செய்யக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

நோயின் கட்டம் புள்ளியை மாற்றும் என்றேன். வலி தொடங்கிச் சில நாட்களே ஆகி, நோயாளி புரண்டு படுக்கவும் முடியாமல் இருந்தால், முதல் ஓரிரு அமர்வுகளில் இடுப்பைத் தொட வேண்டாம். கையில் சிறுகுடல் நாளத்து எஸ்.ஐ. 3ஐயும் காலில் யு.பி. 62ஐயும் இணைத்துப் போடலாம்; இந்த இணை முதுகின் நடுவில் ஓடும் டியூ நாளத்தைத் திறப்பதாக மரபு சொல்கிறது. அல்லது புறங்கையில் உள்ள யாவ்டோங் புள்ளிகள் இரண்டையும் போட்டுவிட்டு, ஊசி இருக்கும்போதே தாங்கும் அளவுக்கு இடுப்பை மெல்ல அசைக்கச் சொல்லலாம். இறுகிய தசை தளர்ந்து அவரே திரும்பிப் படுக்கும் நிலை வந்த பிறகு ஜியாஜிக்கு வரலாம். உங்கள் நோயாளி ஆறு வாரம் கடந்தவர் என்பதால் அவருக்கு இந்தக் காத்திருப்பு வேண்டியதில்லை.

மாதக் கணக்கில் இழுத்துவிட்டவர்களுக்கு உடல்நிலையையும் பார்க்க வேண்டும். மே முதல் அக்டோபர் வரை மழை கொட்டும் நம் ஊரில், ஈரம் கூடும்போதெல்லாம் கனத்து வலிக்கும் இடுப்பு நிறையப் பேருக்கு உண்டு, அவர்களுக்கு டியூ நாளத்து டி.யு. 3, யு.பி. 23 ஆகியவற்றில் மோக்ஸா வெப்பம் (மூலிகையைக் கொளுத்திக் காட்டும் சூடு) நன்றாகப் பிடிக்கும். கால் மரத்திருப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மோக்ஸாவைக் காலில் வைக்க வேண்டாம். சுடுவது தெரியாமல் புண்ணாகிவிடும். வயதானவர்களுக்கு முழங்கால் தளர்ச்சியோடு மந்தமான வலி இருந்தால் யு.பி. 23, டி.யு. 4, சிறுநீரக நாளத்துக் கே.ஐ. 3 ஆகியவை சேரும். யு.பி. 23இல் ஊசியை வெளிப்புறமாகச் சாய்த்து ஆழமாக ஏற்றக் கூடாது, அந்தப் பக்கம் சிறுநீரகம் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு யு.பி. 60ஐயும் திரிக எலும்பின் துளைகளில் உள்ள யு.பி. 31 முதல் 34 வரையிலான புள்ளிகளையும் விலக்குவது மரபு. அதை மீற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

மின் அக்குபங்சர் கருவி இருந்தால் எல்5 ஜியாஜியையும் அதே பக்கத்து ஜி.பி. 30ஐயும் இணைத்து, 2 ஹெர்ட்ஸ் அளவில் 20 நிமிடம் கொடுக்கலாம். குறைந்த அதிர்வெண்ணில் என்கெஃபலின், எண்டார்ஃபின் வகைகளும், 100 ஹெர்ட்ஸில் டைனார்ஃபினும் என, வலியைக் குறைக்க உடலே தயாரிக்கும் பொருள்கள் சுரக்கின்றன என்று பெய்ஜிங்கின் பேராசிரியர் ஹான் ஜிஷெங்கின் ஆய்வுகள் காட்டின. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு மின்சாரம் கூடாது. இரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களிடம் ஆழமான ஊசியைத் தவிருங்கள். ஊசி ஒருவருக்கு ஒருமுறைதான். கொதிக்க வைத்து மறுபடி பயன்படுத்தும் பேச்சே இருக்கக் கூடாது.

இந்தத் தேர்வெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா என்று நோயாளியின் வீட்டார் கேட்பார்கள், கேட்பது நியாயம். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1162 பேரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி போடப்பட்டவர்களில் 44.2 விழுக்காட்டினருக்கும், மருந்து, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4 விழுக்காட்டினருக்கும் பலன் கிடைத்தது. அதாவது ஊசி வழக்கமான சிகிச்சையை வென்றது. சரியான புள்ளிக்கும் தவறான புள்ளிக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனால் வட்டு விலகலால் நாள்பட்ட கால் வலி வந்தவர்களிடம் சீனாவின் ஆறு மருத்துவமனைகளில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், நான்கு வாரங்களில் பத்து அமர்வுகள் முடிந்தபோது, 100 புள்ளி அளவுகோலில் கால் வலி உண்மையான ஊசி பெற்றவர்களுக்கு 30.8ம், போலி ஊசி பெற்றவர்களுக்கு 14.9ம் குறைந்தது. வெறும் இடுப்பு வலியைவிடக் காலுக்கு இறங்கும் வலியில் தேர்வும் முறையும் கூடுதலாகப் பொருட்படுகின்றன என்றே இவ்விரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்கிறேன். மருத்துவ உலகம் இன்னும் ஒரு குரலில் பேசவில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016இல் இடுப்பு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் அதை ஏற்கத்தக்க வழிகளுள் ஒன்றாக வைத்தது.

ஒன்றை மட்டும் நோயாளியிடம் சொல்லாதீர்கள்: ஊசி வட்டை உள்ளே தள்ளிவிடும் என்பதை. பிதுங்கிய பகுதி பல பேருக்குக் காலப்போக்கில் உடலாலேயே கரைக்கப்பட்டுச் சுருங்குகிறது. பெரிதாகப் பிதுங்கியது இன்னும் நன்றாகச் சுருங்குவதும் உண்டு. பலருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களுக்குள் கால் வலி தணிகிறது. அந்தக் காலத்தை வலி குறைந்து, தசை தளர்ந்து, நடமாடியபடி கடக்க வைப்பதே நம் வேலை. அதற்கிடையில் மூட்டை தூக்குவதை நிறுத்த வேண்டும். டீக்கடையின் குட்டை நாற்காலியில் முழங்கால் மார்பைத் தொட மணிக்கணக்கில் குனிந்து உட்காருவதையும் விட வேண்டும், ஏனெனில் அந்த இருப்பில் வட்டு பின்பக்கமாகத்தான் அழுத்தப்படுகிறது. முதுகில் ஏறி மிதித்துப் பிடிக்கும் மசாஜுக்கு இந்த நாட்களில் போகவே கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாளும், பிறகு வாரத்துக்கு இரண்டு முறையும் என்று பத்து அமர்வுகளை ஒரு சுற்றாக வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஊசி 20 முதல் 30 நிமிடம் இருக்கட்டும். ஒவ்வோர் அமர்வுக்கு முன்பும் காலை உயர்த்திப் பாகையைப் பாருங்கள், நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று கேளுங்கள், பெருவிரல் பலத்தைச் சோதியுங்கள். பாதத்தில் இருந்த வலி கெண்டைக்கும், கெண்டையிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் பின்வாங்கினால் அது நல்ல குறி; அப்போது இடுப்பு வலி சற்றுக் கூடியதாக நோயாளி சொன்னாலும் கவலைப்பட வேண்டாம். வலி பின்வாங்கும் வரிசையிலேயே ஊசியையும் எடுத்துவிடுங்கள்: பாதத்து வலி போனதும் ஜி.பி. 41, தொடை தெளிந்ததும் ஜி.பி. 31, பிறகு ஜி.பி. 34, கடைசியில் ஜியாஜியும் ஜி.பி. 30ம் மட்டும் மிஞ்சும். ஐந்தாம் அமர்வுக்குள் பாகையிலும் நடையிலும் எந்த மாற்றமும் இல்லை என்றால் மட்டத்தை மறுபடி விரலால் தேடி, எஸ்1 வழியும் கலந்திருக்கிறதா என்று பார்த்துப் புள்ளிகளை மாற்றுங்கள். பத்து முடிந்தும் அதே நிலை என்றாலோ, இடையில் பெருவிரல் பலம் இன்னும் குறைந்தாலோ, அவரை எலும்பு அல்லது நரம்பு அறுவை மருத்துவரிடம் கடிதத்தோடு அனுப்புங்கள். முதல் நாள் பாகை, இன்றைய பாகை, பலவீனம் உள்ள தசை ஆகியவற்றை அக்கடிதத்தில் எழுதிக் கொடுத்தால், அவர் அங்கே மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.